பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத்தில் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால், நெபிவோலால், ப்ரோப்ரனோலால். மருந்துச் சீட்டில் "லால்" என்று முடிகிற பெயர் இருந்தால் அது பெரும்பாலும் பீட்டா பிளாக்கர்தான். நெஞ்சுவலி, மாரடைப்பு, பிரஷர், படபடப்பு, இதயச் செயலிழப்பு என்று பல காரணங்களுக்காக இதை எழுதிக் கொடுக்கிறார்கள். சாப்பிட ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் வரும் பயம் "துடிப்பைக் குறைக்குமாமே, இதயத்தையே பலவீனமாக்கிவிடாதா?" என்பது. அந்தப் பயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. மாத்திரை தரும் தொல்லையை விட அப்படி நிறுத்துவதால் வரும் ஆபத்து பல சமயம் பெரிது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இந்த மாத்திரை இதயத்துக்குள் என்னதான் செய்கிறது?

இதயத்தின் வலது மேலறையில், மேல் ஓரமாக, சைனஸ் கணு என்ற சின்னத் திசுக்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அங்கேதான் பிறக்கிறது. நரம்புகள் எதுவும் தலையிடாமல் விட்டால் அது தன் போக்கில் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை அடிக்கும். ஓய்வில் நமக்கு 60, 70 என்று இருப்பதற்குக் காரணம் வேகஸ் நரம்பு அதைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதுதான். அதற்கு எதிர்ப்பக்கம் சிம்பதெட்டிக் நரம்புகள். பயம், கோபம், வலி, ஓட்டம், காய்ச்சல் எது வந்தாலும் இவை நார்அட்ரினலினைச் சுரக்கும்; அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கலந்துவிடும்.

இந்த இரண்டு வேதிப்பொருள்களும் இதயச் செல்களின் மேற்பரப்பில் இருக்கிற பீட்டா-1 ஏற்பிகளில் போய் ஒட்டுகின்றன. ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் கூடுகிறது, அதன் விளைவாகக் கால்சியம் அதிகமாக உள்ளே வருகிறது. கால்சியம் கூடினால் தசை பலமாகச் சுருங்கும். சைனஸ் கணு அடுத்த துடிப்பைச் சீக்கிரம் அனுப்பும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ஏவி கணு மின்னோட்டத்தை வேகமாகக் கடத்தும். எல்லாம் சேர்ந்ததுதான் நெஞ்சு "திக் திக்" என்று அடிக்கும் அந்த உணர்வு.

பீட்டா பிளாக்கர் அந்த ஏற்பியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் அதை முடுக்கிவிடுவதில்லை. நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்தால் பின்னால் வருபவர் நிற்க வேண்டியதுதானே, அப்படித்தான் அட்ரினலினும் நிற்கிறது. ஆனால் இது போட்டி போட்டுப் பிடிக்கும் இடம். அட்ரினலின் ரொம்பவே அதிகமானால் சில இடங்களைப் பிடித்துவிடும். அதனால்தான் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மாடி ஏறினால் துடிப்பு கூடுகிறது. முன்பு 140 போனது இப்போது 110-இல் நிற்கும், அவ்வளவுதான். இதயத்தின் தானியங்கித் துடிப்பை மருந்து எடுத்துவிடுவதில்லை.

சிறுநீரகத்திலும் பீட்டா-1 ஏற்பிகள் உண்டு. அங்கே பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற பொருளின் சுரப்பு குறைகிறது. பிரஷர் குறைவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

துடிப்பு குறைந்தால் இதயத்துக்கு என்ன லாபம்?

இரண்டு லாபம். ஒன்று, வேலை குறைகிறது. குறைவாகத் துடித்து, மிதமாகச் சுருங்கும் இதயத் தசைக்கு ஆக்சிஜன் தேவையும் குறைவு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயம், தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சுருங்கும்போது சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. இடது கீழறையின் தசை இறுகும்போது அதற்குள் ஓடும் நுண்குழாய்களும் நசுங்கிவிடுகின்றன. தளரும்போதுதான் கொரோனரி குழாய்கள் வழியாக அந்தத் தசைக்குத் தாராளமாக ரத்தம் போகிறது. துடிப்பு 60 ஆக இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விநாடி. அதில் சுருங்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீதி தளர்வு. துடிப்பு 120 ஆனால் ஒரு துடிப்புக்கு அரை விநாடிதான். சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, தளரும் நேரம்தான் வெட்டுப்படும். ஒரு நிமிடத்தில் மொத்தம் 40 விநாடி கிடைத்த தளர்வு நேரம் 30 விநாடி அளவுக்கு இறங்கிவிடும். வேலையோ இரண்டு மடங்கு. குழாயில் அடைப்பு இருப்பவருக்கு வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகுவது இந்தக் கணக்கு இடிப்பதால்தான். பீட்டா பிளாக்கர் கணக்கின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் சரிசெய்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-இல், அட்ரினலின் போன்ற பொருள்கள் இரண்டு வகை ஏற்பிகள் மூலம் வேலை செய்கின்றன என்று சொல்லி அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் நெஞ்சுவலிக்கு மருந்து தேடியவர்கள் இதயத்துக்கு ரத்தத்தை எப்படிக் கூட்டுவது என்றுதான் யோசித்தார்கள். பிளாக், தேவையை ஏன் குறைக்கக் கூடாது என்று யோசித்தார். 1960-களில் ப்ரோப்ரனோலால் வந்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ வரலாற்றில் கேள்வியைத் திருப்பிப் போட்டே ஜெயித்த அழகான உதாரணம் இது என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு இதயத்தின் பம்பிங் ஏற்கெனவே குறைவு. அப்புறம் ஏன் பலத்தைக் குறைக்கும் மாத்திரை?

மிக நியாயமான கேள்வி. டாக்டர்களே பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்தார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்குப் பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்பதுதான் அன்றைய பாடம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் 1975-இல், இதயத் தசை கெட்டுப்போன சிலருக்கு இதைக் கொடுத்து அவர்கள் தேறியதை வெளியிட்டார்கள். நம்பியவர்கள் குறைவு. பெரிய ஆய்வுகள் வந்து முடிய இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1999-இல் பைசோப்ரோலாலை வைத்துச் செய்த சிபிஸ்-2, மெட்டோப்ரோலால் சக்சினேட்டை வைத்துச் செய்த மெரிட்-ஹெச்எஃப் என்ற இரண்டு ஆய்வுகளிலுமே மரணங்கள் சுமார் 34 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் இரண்டையும் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 2001-இல் கார்வெடிலாலுக்கும், அதுவும் நோய் முற்றியவர்களிடம், இதேபோன்ற முடிவு வந்தது.

காரணம் இதுதான். பம்பிங் குறைந்ததும் உடம்பு பதறிப்போய் அட்ரினலினைக் கொட்டுகிறது. முதல் சில நாளுக்கு அது உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே விஷம். இதயத் தசைச் செல்கள் சாகின்றன, அறை பெருத்து உருமாறுகிறது, ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் கிளம்புகின்றன. பீட்டா பிளாக்கர் அந்த ஓயாத விரட்டலிலிருந்து இதயத்தைக் காப்பாற்றுகிறது. பல பேருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் எக்கோவில் பம்பிங் சதவீதமே (நிரம்பிய ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை வெளியே தள்ளும் பங்கு) உயர்ந்திருப்பதைப் பார்க்கலாம். பலத்தைக் குறைக்கும் மருந்து, நாளடைவில் பலத்தைக் கூட்டுகிறது.

ஆனால் ஆரம்பிக்கும் விதம் முக்கியம். பைசோப்ரோலால் என்றால் 1.25 மி.கி., கார்வெடிலால் என்றால் 3.125 மி.கி. இரண்டு வேளை என்று துளியூண்டு அளவில் தொடங்கி, குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். பைசோப்ரோலாலுக்கு 10 மி.கி. தான் இலக்கு, எல்லோருக்கும் அங்கே எட்ட முடியாது, தாங்குகிற அளவு போதும். ஏற்றும் நாள்களில் சோர்வு கூடலாம், கால் வீங்கலாம். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் நீர் பிரியும் மாத்திரையைச் சரிசெய்தாலே போதும். மூச்சுத் திணறலோடு நுரையீரலில் நீர் கோத்திருக்கும் நேரத்தில் மட்டும் புதிதாக ஆரம்பிக்க மாட்டார்கள்.

நாடித்துடிப்பு 52 என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஓய்வில் 50 முதல் 60 வரை இருப்பது சாதாரணம். பல சமயம் அதுதான் டாக்டர் எதிர்பார்ப்பதும். தூக்கத்தில் இன்னும் கீழே போகும். கையில் கட்டிய கடிகாரம் அதிகாலை 3 மணிக்கு 44 காட்டியது என்று தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது உடம்பு என்ன சொல்கிறது என்பதை. கண் இருட்டுவது, மயக்கம் வருவது, எழுந்தால் தள்ளாடுவது, புதிதாக மூச்சு வாங்குவது, புத்தி மந்தமாவது இவற்றோடு துடிப்பு குறைந்திருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மயங்கி விழுந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு. அறிகுறி எதுவும் இல்லாமல் 50-க்குக் கீழே தொடர்ந்து இருந்தாலும் ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏவி கணுவில் தடை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நாடியைச் சரியாகப் பார்க்கவும் வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து ஓரத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது துடிப்பு சீராக இருப்பவருக்குச் சரி. தாளம் தப்பினால் அந்தக் கணக்கு ஏமாற்றும். பிரஷர் மெஷினும் அப்படித்தான்: நடுநடுவே முன்கூட்டி வரும் பலவீனமான துடிப்புகளை அது விட்டுவிட்டு, 76-ஐ 40 என்று காட்டும்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து களைப்பாக இருக்கிறது. போகுமா?

பலருக்குச் சில வாரத்தில் போய்விடும். உடம்பு பழைய வேகத்தைத் தேடுகிறது, புது வேகத்துக்குப் பழக நேரம் எடுக்கும். கை கால் ஜில்லென்று இருப்பது, எழுந்ததும் லேசாகத் தலை சுற்றுவது, மாடி ஏறும்போது கால் கனப்பது எல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். ஒரு மாதம் தாண்டியும் அன்றாட வேலையைச் செய்ய முடியவில்லை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அளவைக் குறைக்கலாம், வேறொரு பீட்டா பிளாக்கருக்கு மாற்றலாம், இரவில் சாப்பிடச் சொல்லலாம். "இதய மாத்திரைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

கெட்ட கனவு வருகிறது. ஆண்மைக் குறைவும் இதனால்தானா?

கனவு வரலாம். ப்ரோப்ரனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை கொழுப்பில் கரைபவை, மூளைக்குள் எளிதில் நுழையும். அட்டெனோலால் போல நீரில் கரைபவைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடுகிறது.

ஆண்மைக் குறைவு சிலருக்கு உண்மையிலேயே மருந்தால் வருகிறது. ஆனால் சுகர், பிரஷர், ரத்தக்குழாய் நோய் ஆகியவையும் அதே பிரச்சினையைத் தருபவை, எதனால் என்று பிரிப்பது கஷ்டம். ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் குணம் உள்ள நெபிவோலாலில் இந்தத் தொல்லை குறைவு. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் மாத்திரையை விடுகிற ஆண்கள்தான் என் கவலை. டாக்டருக்கு இது தினமும் கேட்கிற புகார், கேளுங்கள்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாதக்கணக்கில் ஏற்பிகள் அடைபட்டுக் கிடந்தால் இதயச் செல்கள் சும்மா இருக்காது. அட்ரினலின் எட்டவில்லையே என்று ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். திடீரென மாத்திரை நின்றால், கூடிப்போன அத்தனை ஏற்பிகளும் ஒரே சமயத்தில் திறந்து கிடக்கும். சாதாரண அளவு அட்ரினலின்கூட அப்போது சாட்டையடி மாதிரி வேலை செய்யும். ஓரிரு நாளில் துடிப்பு எகிறும், பிரஷர் ஏறும், அடங்கியிருந்த நெஞ்சுவலி திரும்பும். கொரோனரி குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வந்திருக்கிறது. அதனால்தான் இந்த வகை மருந்துகள் பலவற்றின் தகவல் தாளில் இந்த எச்சரிக்கையைப் பெரிதாக அச்சிடுகிறார்கள்.

நிறுத்த வேண்டிய அவசியம் வந்தால் ஒன்று முதல் இரண்டு வாரம், சில சமயம் இன்னும் கூடுதலாக எடுத்து, படிப்படியாக அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். அந்த நாள்களில் கடுமையான வேலை, ஓட்டம் எல்லாம் வேண்டாம். யதார்த்தத்தில் நடப்பது என்னவென்றால், பலர் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோகும்; வாந்தி, பேதியில் இரண்டு நாள் விட்டுப்போகும்; "பிரஷர் நார்மல் ஆயிடுச்சே" என்று யாராவது சொல்வார்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் தனியாகக் கையிருப்பில் இருக்கட்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

எல்லா பீட்டா பிளாக்கரும் ஒன்றுதானே? ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வாங்கலாமா?

கூடாது. ப்ரோப்ரனோலால், நடோலால் போன்றவை பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். பீட்டா-2 நுரையீரல் குழாய்களிலும் கை கால் ரத்தக்குழாய்களிலும் இருப்பது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பைசோப்ரோலால், நெபிவோலால் ஆகியவை பெரும்பாலும் இதயத்தின் பீட்டா-1 மேல் குறிவைப்பவை; அளவு கூடக்கூட அந்தக் குறி தளரும். கார்வெடிலாலும் லாபெட்டலாலும் ஆல்ஃபா ஏற்பியையும் சேர்த்து அடைப்பதால் ரத்தக்குழாய்கள் விரியும், எழும்போது தலை சுற்றும். அதனால் கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். சொட்டலால் தனி ரகம். அது இசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது கீழறை மின்னூட்டம் பெற்று மீளும் நேரத்தை, நீட்டிவிடும், துடிப்பைச் சரிசெய்ய வந்த மருந்தே ஆபத்தான துடிப்பைக் கிளப்பலாம். கண்காணிப்பில் வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

மெட்டோப்ரோலாலிலேயே இரண்டு உப்பு உண்டு. டார்ட்ரேட் சீக்கிரம் கரைவது, பொதுவாக இரண்டு வேளை. சக்சினேட் மெல்ல மெல்ல வெளிவரும் மாத்திரை, ஒரு வேளை. மேலே சொன்ன 1999 ஆய்வில் இதயச் செயலிழப்புக்குப் பலன் தந்தது சக்சினேட். அதை மென்றாலோ பொடித்தாலோ நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் சேர்ந்துவிடும். பெயரில் பாதி ஒத்துப்போகிறது என்று மாற்றி வாங்காதீர்கள்.

ஆஸ்துமா இருக்கிறது. சாப்பிடலாமா?

ப்ரோப்ரனோலால் போல இரண்டு ஏற்பியையும் அடைப்பவை ஆஸ்துமாக்காரருக்கு ஆகவே ஆகாது. கடும் வீசிங் வரும், அதைவிட மோசம், அந்த நேரத்தில் இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமாலும் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் அது வேலை செய்ய வேண்டிய இடமே அடைபட்டிருக்கும். பைசோப்ரோலால் போன்றவற்றை, தேவை மிக வலுவாக இருந்து ஆஸ்துமா லேசாக இருந்தால், நிபுணர் மேற்பார்வையில் சிறிய அளவில் கொடுத்துப் பார்ப்பதுண்டு. புகைபிடித்து வரும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வேறு விஷயம். அவர்களில் பலர் இதயத்துக்காக இவற்றைப் பத்திரமாகவே சாப்பிடுகிறார்கள்.

சுகர் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சுகர் இறங்கும்போது எச்சரிக்கை மணி அடிப்பது அட்ரினலின்தான். கை நடுக்கமும் படபடப்பும் அதன் வேலை. பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் மழுக்கிவிடும். வியர்வை மட்டும் மழுங்காது, அது வேறு நரம்புவழி. எனவே இன்சுலின் போடுகிறவர்களும், சுகரை இறக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை சாப்பிடுகிறவர்களும் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இதற்காக மாத்திரையே வேண்டாம் என்று சொல்வதில்லை, இதய நோய் உள்ள சுகர் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் பெரிது.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆயுள் முழுக்கச் சாப்பிடணுமா?

இங்கேதான் மருத்துவம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு பீட்டா பிளாக்கர் உயிரைக் காக்கும் என்று காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் 1980-களைச் சேர்ந்தவை. அன்று ஸ்டென்டும் பரவலாக இல்லை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் பரவலாக இல்லை. பலருக்கு இதயத் தசையின் பெரும்பகுதி செத்துத் தழும்பாகிவிடும். இன்று அடைப்பைச் சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். பம்பிங் கெடாமலே பலர் வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கும் இது வேண்டுமா?

2024-இல் வெளியான ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில், பம்பிங் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த சுமார் 5,000 பேரைப் பார்த்தார்கள். பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மரணத்திலோ அடுத்த மாரடைப்பிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சரி, நிறுத்திவிடலாமா என்றால், அதே ஆண்டு பிரான்சில் செய்த அபிஸ் ஆய்வு ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் நிறுத்திப் பார்த்தது. நிறுத்தியவர்கள் இதயக் காரணங்களுக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்வது கூடியிருந்தது. நிறுத்துவது பாதுகாப்பு என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. 2025-இல் வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை.

ஆக, பம்பிங் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம், தொடரணும். நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ இருந்தாலும் தொடரணும். பம்பிங் நன்றாக இருக்கிறது, வேறு காரணமும் இல்லை, வருடங்கள் ஆகிவிட்டன என்றால், அடுத்த முறை எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு இது இன்னும் எதற்கு?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

பிரஷருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சரியா?

ஒரு காலத்தில் இதுதான் முதல் மாத்திரை. பிறகு, பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்ற பிரஷர் மாத்திரைகள் முந்துகின்றன என்று தெரிந்தது. 2002-இல் வந்த லைஃப் ஆய்வில் லோசார்ட்டான் எடுத்தவர்களுக்கு அட்டெனோலால் எடுத்தவர்களை விடப் பக்கவாதம் குறைவு. அதனால் வெறும் பிரஷருக்கு இதை முதல் தேர்வாகப் பல வழிகாட்டுதல்கள் இப்போது சொல்வதில்லை. கூடவே நெஞ்சுவலி, வேகத் துடிப்பு, இதயச் செயலிழப்பு, ஒற்றைத் தலைவலி ஏதாவது இருந்தால் பொருத்தமானதே.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இது எப்படி உதவும்?

அந்த நோயில் மேலறை தாறுமாறாக, நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் நடுங்கும். எல்லா அலையும் கீழறைக்குப் போனால் உயிர் போய்விடும். ஏவி கணுதான் வடிகட்டி அனுப்புகிறது. பீட்டா பிளாக்கர் அந்த வடிகட்டலை இறுக்குகிறது. தாளம் சீராகிவிடாது, கீழறையின் வேகம்தான் கட்டுக்குள் வரும். "மாத்திரை சாப்பிட்டும் நாடி தப்பித்தப்பித்தான் அடிக்குது" என்பது மருந்து தோற்றதன் அடையாளம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து இதிலிருந்து தனி, இது அதற்கு மாற்று ஆகாது.

மேடைப் பயத்துக்குச் சிலர் சாப்பிடுகிறார்களே?

ப்ரோப்ரனோலால் கை நடுக்கத்தையும் நெஞ்சடிப்பையும் அடக்கும், மனக் கவலையை அல்ல. கை நடுங்காது என்பதாலேயே துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை போட்டிகளில் இதற்குத் தடை. தெரிந்தவரிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நாடி குறைவாக இருக்கிறதா, வீசிங் இருக்கிறதா என்று அந்தத் தெரிந்தவருக்குத் தெரியாது.

நடைப்பயிற்சி, ஜிம் போகலாமா? துடிப்பு இலக்கு எட்டவே மாட்டேன் என்கிறது.

போகலாம், போகணும். ஆனால் 220-இலிருந்து வயதைக் கழிக்கும் அந்தச் சூத்திரத்தை மறந்துவிடுங்கள். மாத்திரை உச்சத் துடிப்பையே இறக்கிவிடுவதால் அந்த எண்ணைத் துரத்தினால் உடம்பைப் பிழிந்துவிடுவீர்கள். நடக்கும்போது வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். முடித்ததும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள், தலை சுற்றாது.

எந்த மருந்துகளோடு சேரக் கூடாது?

முதலாவது, பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் தரும் வெரப்பமில், டில்டயசம். இவையும் ஏவி கணு மின்னோட்டத்தைக் கடத்தும் வேகத்தைக் குறைப்பவை. சேர்ந்தால் துடிப்பு அதலபாதாளத்துக்குப் போகலாம், முழுத் தடையே ஏற்படலாம். டிஜாக்சின், அமியோடரோன் என்ற இதய மருந்துகள் சேரும்போதும் நாடியைக் கவனிக்கணும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் இரண்டும் கல்லீரலில் மெட்டோப்ரோலால் சிதைவதைத் தடுத்து அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பிரஷர் குறைவது மட்டுப்படும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அட்டெனோலால் உடம்பிலேயே தங்கும், அளவைக் குறைக்கணும்.

கடும் அலர்ஜி உள்ளவர்களும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் உயிர் காக்கும் ஊசி அட்ரினலின். பீட்டா பிளாக்கர் எடுப்பவரிடம் அது எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம். அப்போது குளுக்ககான் என்ற வேறு ஊசி உதவும். அதற்காக அட்ரினலினைத் தள்ளிப்போடக் கூடாது. சாப்பிடும் மாத்திரையின் பெயரை அவசர சிகிச்சையில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விபத்தில் ரத்தம் போகும்போதும் உங்கள் நாடி எகிறாது, அதைப் பார்த்து "பரவாயில்லை" என்று அவர்கள் தப்புக்கணக்குப் போடக் கூடாது.

கர்ப்பமாக இருக்கும்போது?

லாபெட்டலால் கர்ப்பகால பிரஷருக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. அட்டெனோலால் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கலாம் என்பதால் தவிர்க்கிறார்கள். கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்திவிடாமல், அன்றே பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் இருக்கிறது. முந்தின நாள் நிறுத்தணுமா?

ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பொதுவாக ஆபரேஷன் அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் சாப்பிடச் சொல்வார்கள்; மயக்க மருந்து டாக்டர் சொல்வதுதான் முடிவு. புதிதாக ஆபரேஷனுக்காகவே அன்றைக்கு ஆரம்பிப்பது வேறு கதை. 2008-இல் வெளியான பாய்ஸ் ஆய்வு 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதைத்தான் செய்து பார்த்தது. மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின. பிரஷர் விழுந்தபோது அதைத் தூக்கிப் பிடிக்கும் உடம்பின் சக்தியை மருந்து எடுத்துவிட்டது. பழகிய உடம்புக்குக் காவல், பழகாத உடம்புக்கு அதே அளவு ஆபத்து.

கண்ணில் விடும் சொட்டு மருந்துகூட இதயத்தைப் பாதிக்குமா?

டிமோலால் என்றால், ஆமாம். கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கிற இதுவும் பீட்டா பிளாக்கர்தான், அதுவும் இரண்டு ஏற்பியையும் அடைக்கிற ரகம். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் வழியாகப் போய் வடிகட்டப்படுவதும் இல்லை. வயதானவர்களுக்கு நாடி குறைந்து மயக்கம் வருவதற்கும், அடங்கியிருந்த ஆஸ்துமா கிளம்புவதற்கும் சில நேரம் இதுவே காரணமாகிவிடுகிறது. யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை, ஏனென்றால் "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சொட்டு மருந்தை யாரும் சொல்வதில்லை. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இறங்கும் அளவு நன்றாகக் குறையும். ஏற்கெனவே மாத்திரையாகவும் பீட்டா பிளாக்கர் எடுக்கிறீர்கள் என்றால் இதய டாக்டருக்குச் சொட்டு மருந்தையும், கண் டாக்டருக்கு மாத்திரையையும் காட்டிவிடுங்கள்.